பதற்றத்துக்குத் தெரபி: எனக்குப் பலன் கிடைக்குமா?

சித்தி மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். வகுப்பில் பெயர் சொல்லி எழுப்பினால் எழுந்து நிற்பான், வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்கூடம் போவதே குறைந்துபோனது. இப்போது உளவியலாளரிடம் அழைத்துப்போகிறார்கள். "அக்கா, நீ போனியே, எனக்கும் சரியாயிடுமா?" என்று வாட்ஸாப்பில் கேட்டிருந்தான். போனில் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவன் வயதுப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். மழுப்பாத பதில் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

நான் திருச்சியில் பிளஸ் ஒன் படித்த காலத்தில் எனக்கு இருந்தது சமூகப் பதற்றம். வீட்டில் கூச்ச சுபாவம் என்றார்கள், வளர்ந்தால் போய்விடும் என்றார்கள். கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் வைவா இருக்கிறது என்று தெரிந்தால் முந்தின நாளே வயிறு கலங்கிவிடும். வருகைப் பதிவில் என் பெயர் நெருங்க நெருங்கக் கை சில்லிட்டுப் போகும். பேருந்தில் கூட்டம் இருந்தால் "இறங்கணும்ணே" என்று குரல் கொடுக்க முடியாமல் திருவானைக்காவலில் இறங்க வேண்டியவள் ஸ்ரீரங்கம் வரை போய்த் திரும்பி நடந்து வருவேன். மதிப்பெண் நன்றாக வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் இது பெரிதாகத் தெரியவில்லை. பதற்றம் உள்ள பிள்ளைகள் வகுப்பில் தொந்தரவு தருவதில்லை. அதனாலேயே அவர்கள் பல வருடம் யார் கண்ணிலும் படாமல் போகிறார்கள். இது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

முதலில் போன இடத்தில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, கண்ணை மூடிக் கடற்கரையை நினைத்துப் பார்ப்பது, அப்புறம் நிறைய ஆறுதல். அன்பாகத்தான் பேசினார்கள். அந்த அறையில் இருக்கும்வரை நிம்மதியாக இருக்கும். வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் இடம் சொல்ல வேண்டும் என்றால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். மாதங்கள் போயின, ஒன்றும் நகரவில்லை. எனக்கு இந்தச் சிகிச்சை ஒத்துவராது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

இரண்டாவதாகப் பார்த்த மேடம் வேறு மாதிரி. ஒரு காகிதத்தில் ஏணி வரையச் சொன்னார். எதைச் செய்தால் எவ்வளவு பயம் வரும் என்று பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் போட வேண்டும். அடிப்படியில் 'தெரியாதவரிடம் மணி கேட்பது'. நடுவில் 'கடைக்குள் போய் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவது', 'வாங்கிய சுடிதாரைத் திருப்பிக் கொடுப்பது', 'தெரியாத நம்பருக்குப் போன் செய்து பேசுவது'. உச்சியில் நான் எழுதியது, 'வகுப்பில் தெரிந்தே தப்பான பதில் சொல்வது'. அதை எழுதும்போதே அழுகை வந்தது.

பிறகு ஒவ்வொரு படியாக ஏறினோம். என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு துணிக்கடை. உள்ளே போவதற்கு முன்பு என்ன நடக்கும் என்று நினைக்கிறேனோ அதை நோட்டில் எழுத வேண்டும். 'கடைக்காரர் திட்டுவார், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், நிச்சயமாக நடக்கும்' என்று எழுதினேன். நாலைந்து புடவையை எடுத்துப் போடச் சொல்லி விலை கேட்டுவிட்டு "வேண்டாம்ணா, அப்புறம் வரேன்" என்றேன். குரல் நடுங்கியது. அவர் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் புடவையை மடித்தபடியே அடுத்தவரிடம் பேசப் போய்விட்டார். வெளியே வந்ததும் எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார் மேடம். மறுபடி உள்ளே அனுப்பினார், வேறு கடைக்கு.

ஒரு நுணுக்கம் உண்டு. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, முடியை முகத்தில் விட்டுக்கொண்டு, பேச வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் நான் எங்கும் போவேன். இவையெல்லாம் இருந்தால் பயிற்சி கணக்கில் வராது என்பார் அவர். 'இயர்போன் இருந்ததால்தான் தப்பித்தேன்' என்று மனம் சொல்லிக்கொள்ளும், புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது. முடியைப் பின்னி, இயர்போனை அவரிடம் கொடுத்துவிட்டு, ஒத்திகை இல்லாமல் போன பிறகுதான் எனக்கு மாற்றம் தெரிய ஆரம்பித்தது.

கல்லூரிக்குப் போன பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். பிள்ளைகளின் பதற்றச் சிகிச்சையில் அதிகம் பேசப்படும் அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. சுருக்கமாக 'கேம்ஸ்' என்பார்கள். முடிவுகள் 2008-இல் வெளியாயின. 7 முதல் 17 வயது வரையிலான 488 பிள்ளைகளை நான்கு பிரிவாக்கி 12 வாரம் சிகிச்சை தந்தார்கள். சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களைச் சோதித்துப் பார்த்து, பயப்படுவதைப் படிப்படியாகச் செய்து பழகும் முறை) மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் நன்றாக முன்னேறினார்கள். பதற்றத்தைக் குறைக்கத் தரும் செர்ட்ராலின் மாத்திரை மட்டும் என்றால் 55. இரண்டும் சேர்ந்தால் 81. வெறும் மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களில் 24. அந்த சிபிடி, டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பிலிப் கெண்டால் உருவாக்கிய 'கோப்பிங் கேட்' என்ற பாடத்திட்டத்தை அடிப்படையாகக் கொண்டது.

இதே தரவை வைத்து 2015-இல் இன்னொரு கட்டுரை வந்தது. சிகிச்சையின் எந்தப் பகுதிக்குப் பிறகு பிள்ளைகளின் முன்னேற்றம் வேகமெடுத்தது என்று பார்த்தார்கள். எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் பகுதியும், பயப்படும் இடத்துக்கே போய்ப் பழகும் பகுதியும் தொடங்கிய பிறகு வேகம் கூடியது. தளர்வுப் பயிற்சிக்கு அப்படி ஒரு தாக்கம் தெரியவில்லை. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. முதல் இடத்தில் நான் பெற்றது தளர்வுப் பயிற்சி மட்டும்தான். அதை வைத்து எனக்குச் சிகிச்சையே ஒத்துவராது என்று ஒரு குடும்பம் முடிவெடுத்திருந்தது. அதனால் என் தம்பிக்கு முதலில் சொன்னது இதுதான்: "நாலைந்து செஷனுக்குள் 'வெளியே போய்ப் பழகுற பயிற்சி எப்ப ஆரம்பிப்போம்'னு நீயே கேளு. கேட்க வாய் வரலைன்னா எழுதிக் கொடு." பெற்றோரும் தாராளமாகக் கேட்கலாம். நல்ல உளவியலாளர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்.

சரி, யாருக்குப் பலன் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவுக்கு. கேம்ஸ் தரவில் மூன்று விஷயங்கள் குறைவான பலனோடு சேர்ந்து வந்தன: தொடக்கத்திலேயே பதற்றம் கடுமையாக இருப்பது, முக்கியப் பிரச்சினை சமூகப் பதற்றமாக இருப்பது, பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் மிகவும் நொந்துபோயிருப்பது. பல நாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து 1,500-க்கு மேற்பட்டவர்களைப் பார்த்த 2015 ஆய்வு ஒன்றிலும் சமூகப் பதற்றம் உள்ளவர்களுக்கு முன்னேற்றம் குறைவாகத்தான் இருந்தது. கூடவே மனச்சோர்வு இருப்பவர்களுக்கும், பெற்றோருக்கே மனநலச் சிக்கல் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படியே.

அந்த முதல் பட்டியலில் இருந்த மூன்றும் எனக்குப் பொருந்தின. கடுமையான பதற்றம், அதுவும் சமூகப் பதற்றம். அம்மா என்னை நினைத்துத் தூங்காமல் கிடந்தவர். முதல் நாளே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் எனக்கு நல்ல எண் வந்திருக்காது. ஆனாலும் எனக்குச் சிகிச்சை பலித்தது. இப்படிப்பட்ட கணிப்பு ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்வது. நூறு பேரில் எத்தனை பேர் என்று சொல்லும், அதில் உங்கள் பிள்ளை யார் என்று சொல்லாது. மழை வாய்ப்பு நாற்பது சதவிகிதம் என்று கேட்ட பிறகும் குடை எடுத்துப் போகலாமா என்று நாம்தானே முடிவு செய்கிறோம். சிகிச்சையிலும் அந்தத் தகவலின் பயன் அவ்வளவுதான்: சமூகப் பதற்றம் என்றால் கூடுதல் செஷன் தேவைப்படலாம், வகுப்பறைப் பயிற்சி அவசியம், அம்மாவுக்கும் கொஞ்சம் தாங்கல் வேண்டும் என்று முதலிலேயே திட்டமிடலாம். கைவிடுவதற்கான காரணமாக அதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மரபணுவைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் தாலியா ஈலி குழு 2012-இல் செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் தொடர்பான ஒரு மரபணுவின் குறிப்பிட்ட வடிவம் உள்ள பிள்ளைகளுக்கு சிபிடி பலன் கூடுதலாக இருந்ததாகக் காட்டியது. பெரிய கூட்டத்தில் மறுபடி பார்த்தபோது அது உறுதியாகவில்லை. முழு மரபணுத் தொகுதியையும் 980 பிள்ளைகளிடம் தேடிய 2016 ஆய்விலும் நம்பத் தகுந்த குறி எதுவும் சிக்கவில்லை. அதனால் எச்சில் மாதிரியை அனுப்பினால் எந்த தெரபி பொருந்தும் என்று சொல்கிறோம் என யாராவது விற்க வந்தால், அந்தப் பணத்தை இரண்டு செஷனுக்குச் செலவழியுங்கள்.

என் அனுபவத்தில் முதல் நாளை விட நடுப்பகுதி அதிகம் சொல்லும். ஆய்விலும் இதற்கு ஆதரவு உண்டு. பிரையன் சூ, பிலிப் கெண்டால் இருவரும் 2004-இல் எழுதிய கட்டுரையில், சிகிச்சையின் நடுக்கட்டத்தில் பிள்ளை எவ்வளவு ஈடுபாட்டோடு கலந்துகொள்கிறது என்பது இறுதிப் பலனோடு தொடர்புடையதாக இருந்தது. நான் முதல் செஷன்களில் தலையைக்கூட நிமிர்த்தியதில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் தோளைக் குலுக்கினேன். கடைப் பயிற்சிகள் தொடங்கிய பிறகு நானே வீட்டில் ஏணியைத் திருத்தி எழுதிக்கொண்டு போனேன். அந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் மேடம் அம்மாவிடம் நம்பிக்கையாகப் பேசினார். ஆகவே முதல் இரண்டு செஷனில் பிள்ளை வாயே திறக்கவில்லை என்று பதறாதீர்கள். நடுவிலும் ஹோம்வொர்க் செய்யாமல், ஏணியில் ஒரு படிகூட ஏறாமல் இருந்தால் அப்போது பேசுங்கள். படி உயரமாக இருக்கலாம், உடன் மனச்சோர்வு இருக்கலாம், பிள்ளைக்கு அந்த உளவியலாளரையே பிடிக்காமல் இருக்கலாம். எதுவானாலும் பேசித்தான் தெரியும்.

இப்போது வீட்டு விஷயம். எனக்கு எழுத மனம் தயங்கும் பகுதி, ஆனால் முக்கியமான பகுதி. என் வீட்டில் எல்லோரும் என்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். உறவினர் வந்து "என்ன பாப்பா, என்ன படிக்கிறே?" என்று கேட்டால் நான் வாய் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவார். ஹோட்டலில் எனக்கும் சேர்த்து அப்பா ஆர்டர் சொல்வார். எனக்கு வரும் போனை அக்கா எடுத்துப் பேசுவாள். வைவா நாளில் காய்ச்சல் என்று லீவ் லெட்டர் தயாராக இருக்கும். ஒவ்வொன்றும் அன்பால் செய்தது. ஒவ்வொன்றும் என் பயத்துக்கு, 'ஆமாம், இவளால் முடியாதுதான்' என்று சாட்சி சொன்னது.

மேடம் அம்மாவை மட்டும் தனியாக அழைத்துப் பேசினார். திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் ஒன்றே ஒன்று: உறவினர் என்னைக் கேட்டால் அம்மா பதில் சொல்ல மாட்டார். அதை அம்மா என்னிடமே முன்கூட்டிச் சொன்னார்: "உனக்குக் கஷ்டமா இருக்கும்னு எனக்குத் தெரியும் கண்ணு. உன்னால தாங்க முடியும்னும் தெரியும். இனிமே நான் குறுக்கே பேச மாட்டேன்." அடுத்து பெரியம்மா வீட்டுக்கு வந்தபோது அந்தக் கேள்வி வந்தது. யாரும் பேசவில்லை. அந்த அமைதி எவ்வளவு நீளமாக இருந்தது என்று இன்னும் உடம்பு நினைவு வைத்திருக்கிறது. அம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் "பிளஸ் ஒன், பயாலஜி குரூப்" என்றேன். பெரியம்மா அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். எனக்கு அது எவ்வளவு கஷ்டமோ, அம்மாவுக்கு அதைவிடக் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவர் இதையே ஒரு தனிச் சிகிச்சையாக வளர்த்திருக்கிறார். 'ஸ்பேஸ்' என்று பெயர். பிள்ளை செஷனுக்கு வரவே வேண்டாம், பெற்றோர் மட்டும் வந்து, தாங்கள் செய்துதரும் இந்த விட்டுக்கொடுப்புகளைப் படிப்படியாகக் குறைக்கக் கற்றுக்கொள்வார்கள். பிள்ளையிடம் 'உன் கஷ்டம் புரிகிறது', 'உன்னால் முடியும்' என்ற இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை. 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளின் குடும்பங்களோடு நடந்த ஆய்வு 2020-இல் வந்தது. பிள்ளைக்கு நேரடியாகத் தரும் சிபிடிக்கு இது குறைந்ததில்லை என்று தெரிந்தது. "என் பையன் டாக்டர்கிட்ட வரவே மாட்டேங்குறான்" என்று தவிக்கும் பெற்றோருக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியவில்லை. நீங்கள் மட்டும் போய்த் தொடங்கலாம்.

முன்னேற்றத்தை மனக்கணக்கில் விடாதீர்கள். 'ஸ்கேர்டு' என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 41 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று தெரிவுகள், பிள்ளைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று. மொத்தம் 25 அல்லது அதற்கு மேல் வந்தால் பதற்றக் கோளாறு இருக்கலாம், தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று பொருள். தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில், முடிவில் என்று போட்டுப் பார்த்தால் நகர்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். என் தாளிலும் அம்மாவின் தாளிலும் எண்கள் ஒத்துப்போகவே இல்லை. நான் வெளியே சிரித்துக்கொண்டிருந்த நாட்களில் உள்ளே என்ன நடந்தது என்று அம்மாவுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அப்படி முரண்படுவது சகஜம்தான். இருவரும் தனித்தனியாக எழுதுங்கள். பிள்ளை எழுதியதை எட்டிப் பார்த்து "இதெல்லாம் உனக்கு இருக்கா?" என்று கேட்க வேண்டாம்.

மாத்திரை பற்றி நம் வீடுகளில் பயம் அதிகம். எனக்குத் தேவைப்படவில்லை, ஆனால் தேவைப்படுபவர்கள் பலர். சிபிடியை ஒழுங்காகச் செய்தும் சில மாதங்களில் நகரவில்லை என்றாலோ, பிள்ளை பள்ளிக்கே போக முடியாத நிலை என்றாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். மேலே சொன்ன 81 விழுக்காடு இரண்டும் சேர்ந்து கிடைத்த பலன். தொடங்குவதும் அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

உளவியலாளரைத் தேடும்போது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கேளுங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416-க்கு அழைக்கலாம். ஒன்றிய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை அது, 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இரவிலும் உண்டு, தமிழில் பேசலாம். போனில் பேசுவதே பயம் என்ற பிள்ளைக்காகப் பெற்றோர் அழைக்கலாம்.

கடைசியாக ஒன்று. சிகிச்சை முடிந்தபோது எல்லாம் தீர்ந்தது என்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். கல்லூரியில் முதல் செமஸ்டர், முதல் செமினார், பதற்றம் திரும்ப வந்தது. அதே வயிற்றுக் கலக்கம். கேம்ஸ் பிள்ளைகளைப் பல வருடம் கழித்துத் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. 319 பேரில் ஏறக்குறைய 22 விழுக்காட்டினர்தான் தொடர்ந்து பதற்றக் கோளாறு இல்லாமல் இருந்தார்கள். 48 விழுக்காட்டினருக்கு விட்டுவிட்டு வந்தது, 30 விழுக்காட்டினருக்கு நீடித்தது. முதல் 12 வாரத்தில் பலன் பெற்றவர்கள் இந்த நீடித்த பிரிவில் விழுவது குறைவு. இந்த எண்களைத் தம்பியிடம் மறைக்கவில்லை. திரும்ப வரலாம் என்று தெரிந்தவர்கள், வந்ததும் 'எல்லாம் வீண்' என்று உட்காராமல் சீக்கிரம் திரும்பிப் போவார்கள். நான் மேடத்திடம் போனேன். சில செஷன்கள், பழைய ஏணியின் மேல் புதிய படிகள், செமினாரில் வேண்டுமென்றே ஒரு ஸ்லைடில் தடுமாறி நின்று, "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டுத் தொடர்வது. சிகிச்சை முடியும் நாளிலேயே 'புதுப் பள்ளி, புது ஊர், முதல் வேலை என்று எது வந்தாலும் அதற்கு முன்பு ஒரு செஷன்' என்று பேசி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அவன் பிளஸ் ஒன் சேரும் ஜூன் மாதத்துக்குச் சித்தி இப்போதே அதைக் குறித்துவைத்திருக்கிறார்.